புழுக்கையைப் பாருங்கள்

கிராஃபர்ட் மார்க்கெட்டுக்கோ குர்லாவுக்கோ போய், அட்டைப் பெட்டியில் ஒரு முயல் குட்டியோடு திரும்பி வந்து, "பாட்டி, இதுக்கு என்ன கொடுக்கணும்?" என்று கேட்கிற பிள்ளைகள் எங்கள் சொசைட்டியில் வருஷா வருஷம் உண்டு. ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன். வாஷி ஃபிளாட்டில் முயல் வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான் இது. ஊரில் தோட்டம் துரவு உள்ளவர்களுக்கு வேறு கணக்கு.

1. வாங்குவதற்கு முன் குழந்தையின் வயதைப் பாருங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டுப் பத்து வருஷம் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கியது, அவன் காலேஜ் போகிறபோதும் வீட்டில் இருக்கும். அதுவரை குப்பை அள்ளப்போவது அவன் அல்ல, அவன் அம்மா. ஆகவே அம்மாவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2. எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். கை அகலக் குட்டிதான் அழகு என்று சந்தையில் நீட்டுவார்கள். தாய்ப்பால் சரியாக மறக்காத குட்டி, வந்த வாரமே கழிச்சல் கண்டு போய்விடும். வால் அடி ஈரமாக இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, காதுக்குள் பொருக்கு தட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். காதுப் பொருக்கு என்றால் பூச்சி.

"ரெண்டும் பொட்டை" என்று ஜோடியாகத் தள்ளிவிடுவதையும் நம்ப வேண்டாம். குட்டியில் ஆண் பெண் பார்ப்பது பழகியவர்களுக்கே தவறும். நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் ஒரே மாதம், ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஒன்பதாவது மாடியில் பண்ணை வைக்கப் போகிறீர்களா? கருத்தடை செய்துவிடுங்கள். வயது ஏறிய பெண் முயலுக்குக் கருப்பைப் புற்று மிக அதிகம், அதற்கும் இதுவே காப்பு.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது காட்டுமுயல் குட்டியைப் பையில் போட்டு ரயிலேற்றி வராதீர்கள். அது வேறு இனம். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. வீட்டில் வைத்தால் குற்றம், வைத்தாலும் பிழைக்காது.

3. புல், புல், புல். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டராவது நீளும். அதைத் தேய்ப்பது புல்லை அரைக்கிற அரைப்புதான். குடல் நிற்காமல் ஓடுவதும் புல்லின் நாரால்தான். தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல் இருக்க வேண்டும், நாள் முழுக்க இருக்க வேண்டும். நம் நெல் வைக்கோல் இதற்குப் போதாது, படுக்கைக்கு ஆகும்.

பாக்கெட்டில் வரும் டிமோத்தி உலர்புல் விலை அதிகம், ஆனால் நல்லது. கூடவே அருகம்புல் கொடுங்கள். பிள்ளையாருக்கென்று மாட்டுங்கா பூக்கடைகளில் 'தூர்வா' கட்டு விற்கிறார்களே, அதேதான். அலசி, உதறி, ஈரம் காய்ந்த பிறகு வையுங்கள். ரோட்டோரப் புல்லைப் பறிக்காதீர்கள். வண்டிப் புகையும் நாய் மூத்திரமும் அதில்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊர் ஈரத்தில் உலர்புல்லே பகை ஆகிவிடும். பெரிய மூட்டையாக வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பழைய தலையணை உறை போதும். தினமும் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல புல் பச்சை வாசனையாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். மக்கிய வாடை வந்தாலும், உதறும்போது தூசி புகைபோல எழுந்தாலும் முழுசையும் குப்பையில் போடுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

4. கேரட் முயலின் சாப்பாடு என்று சொல்லிக் கொடுத்தது கார்ட்டூன். அது தித்திப்பு, விரல் கனத் துண்டு எப்போதாவது. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை தினமும் ஒரு கைப்பிடி தரலாம். பாஜிவாலா முள்ளங்கித் தழையை முறித்து ஒதுக்குவார், கேட்டால் சும்மாவே தருவார். பாலக் கொஞ்சமாக, முட்டைகோஸ் இன்னும் கொஞ்சமாக. பெல்லட் ஒரு கிலோ எடைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

வாஷி என்றாலே வெங்காயம் உருளைக்கிழங்கு மொத்த மார்க்கெட்தான். அந்த இரண்டும் முயலுக்கு ஆகாது. பூண்டு, தக்காளித் தழை, அரளியும் கூடாது. சப்பாத்தி, பிஸ்கட், தயிர்சாதமும் கூடாது. "ஆசையா சாப்பிடுதே" என்பார்கள். சாப்பிடும்தான்.

5. காலையில் எழுந்ததும் புழுக்கையைப் பாருங்கள். உடம்புக்கு முடியாவிட்டால் முயல் கத்தாது, முனகாது. தன்னைத் தின்னும் மிருகங்களுக்கு நடுவே வாழ்ந்த இனம், நோயைக் காட்டிக்கொள்ளாது. முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதனால்தான் புழுக்கை.

நல்ல புழுக்கை கடலை அளவில், உருண்டையாக, காய்ந்து, நசுக்கினால் புல் தூளாக உதிரும். சிறுத்துப்போனால் புல் போதவில்லை. ரோமத்தில் கோர்த்த மணிமாலைபோல வந்தால் முடி அதிகம் விழுங்கியிருக்கிறது; சீவி விடுங்கள், புல்லைக் கூட்டுங்கள். இன்னொரு வகை உண்டு: கொத்துக் கொத்தாக, பளபளப்பாக, வாடையோடு. அதை முயல் பின்னாலிருந்து நேரே வாயில் வாங்கித் தின்றுவிடும். அருவருத்துத் தடுக்காதீர்கள், அதில்தான் அதன் சத்து. அது தின்னப்படாமல் கிடந்தால் தீனி மிஞ்சிப்போயிற்று என்று அர்த்தம்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் குடல் நின்றுவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்பதே இல்லை, அன்றே டாக்டர். மூத்திரம் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருந்தால் உடனே பதற வேண்டாம், தின்ற கீரையாலும் அப்படி வரும். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்தாலோ முக்கினாலோ காட்டுங்கள்.

6. வெயில் கொல்லும். தமிழ்நாட்டில் கொடைக்கானல் மன்னவனூரிலும் ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவிலும் அரசு முயல் பண்ணைகள் இருக்கின்றன, முயலுக்குக் குளிர்தான் ஒத்துக்கொள்ளும். நமக்கோ மே மாதமும் அக்டோபரும், அதோடு கழிமுகத்து ஈரக்காற்றும். முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் விடும். கிரில் அடைத்த பால்கனியில் கூண்டை வைத்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். உள்ளறையில், ஃபேன் அடியில், கிச்சன் வேலையில் மிஞ்சிய கடப்பாக் கல் துண்டு ஒன்றைப் போட்டால் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

7. காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்னங்காலுக்கு அடியில். திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் கொஞ்ச வேண்டும். குளிப்பாட்டவே வேண்டாம். கம்பி வலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும், பாய் போடுங்கள். சார்ஜர் ஒயரை மேலே தூக்கிக் கட்டுங்கள். கணபதி ஊர்வலத்து டோல் சத்தமும் தீபாவளி வெடியும் வரும் நாட்களில் ஜன்னலைச் சாத்தி, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி வையுங்கள்.

8. நாய்க்கு வாங்கிய மருந்தைப் போடாதீர்கள். உண்ணிக்குத் தடவும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும். அமாக்ஸிசிலின் வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டுச் சாகும். "என் முயலுக்கு ஒன்றும் ஆகலையே" என்று, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என நிற்கிற வாட்ஸ்அப் வைத்தியர்கள் நிறைய. முயல் பார்த்துப் பழகிய டாக்டர் யார் என்று, முயல் வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். பக்கத்து கிளினிக்குகள் பலவும் நாய் பூனையோடு சரி. ஆபரேஷன் என்றால் முயலைப் பட்டினி போடச் சொல்கிறாரா என்று கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி தேவையில்லை. இது தெரிந்தவர்தான் முயல் டாக்டர். பரேலில், 1886-ல் கால்நடைக் கல்லூரி தொடங்கிய வளாகத்திலேயே பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. அங்கேயும் விசாரித்து வையுங்கள். முயலைக் கொண்டுபோவதென்றால் வெயில் ஏறும் முன் புறப்படுங்கள்.

9. முடியாமல் போனால் சொல்லுங்கள். வீடு மாற்றல், அலர்ஜி, பரீட்சை, எதுவாகவும் இருக்கட்டும். வெட்கப்படாமல் நாலு பேரிடம் சொன்னால் வளர்க்க ஒருவர் கிடைப்பார். "புல் இருக்கு, பிழைச்சுக்கும்" என்று சாகர் விஹார் பக்கமோ செக்டர் பூங்காவிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்கு வளை தோண்டத் தெரிந்தாலும் நாயிடம் தப்பத் தெரியாது. பருந்தும் காக்கையும் பூனையும் உள்ள இடத்தில் அது ஒரு ராத்திரி தாங்குவதே அபூர்வம்.