பட்டறைக்குப் புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, ஸ்ப்ரே கன்னைப் பிடிக்க உன் கை துடிப்பது தெரிகிறது. காலம் வரும்போது பிடிப்பாய். அதற்கு முன் சில விஷயங்களை மனதில் போட்டுக்கொள்.

1. எத்தனை நாள் ஆகும் என்பதை நேர்மையாகச் சொல். ஒரு கதவு என்றால் இரண்டு நாளில் கொடுத்துவிடலாம். முழு வண்டிக்கு 10 முதல் 15 நாள் கேள்; துரு அதிகமென்றால் இன்னும் கேள். "கல்யாணம் வருகிறது, நாலு நாளில் முடியாதா?" என்பார்கள். என் மேஸ்திரி முடியாது என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். அப்படிப் போனவர்களில் பலர் அடுத்த முறை அவரைத்தான் தேடி வந்தார்கள்.

2. கழற்றச் சோம்பாதே. பம்பர், விளக்கு, கைப்பிடி, கண்ணாடி பீடிங் எல்லாம் வெளியே வரட்டும். நட்டு, போல்ட்டைத் தனித்தனி டப்பாவில் எழுதி வை. பீடிங்கின் மேலேயே டேப் ஒட்டி அடித்த வண்டியில் அந்த ஓரத்தில்தான் முதலில் பெயின்ட் உரியும்.

3. துருவை மூடி மறைக்காதே. பட்டிக்கு அடியில் விட்ட துரு, அடுத்த மழைக்காலத்தில் கொப்புளமாகக் கிளம்பும். தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய். ஓட்டை விழுந்தால் டிங்கரிடம் அனுப்பி, வெட்டி ஒட்டச் சொல்.

4. உள்ளங்கையை நம்பு. பட்டி காய அரை மணி நேரம் போதும். தேய்க்க அரை நாள் ஆகும். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி 80, 180, 320 என்று படிப்படியாகப் போ. பிரைமர் மேல் 800 நம்பர் வாட்டர் பேப்பர். மேஸ்திரி மெல்லிய துணியை விரித்து, கண்ணை மூடி, அதன்மேல் கையை ஓட்டுவார். சாம்பல் பிரைமரில் ஒளிந்திருக்கும் பள்ளம், கறுப்பு பெயின்ட் அடித்ததும் தெருமுனையிலிருந்தே தெரியும்.

5. காத்திருப்பதும் வேலைதான். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 10 நிமிடமாவது விடு. பெயின்ட் பூத்தில் 60 டிகிரி சூட்டில் அரை மணியில் காய்வது, வெளியே ஓர் இரவு முழுக்கக் கேட்கும். ஐப்பசி அடைமழையில் அவசரப்பட்டால் ஈரம் படிந்து பளபளப்பு வெளுத்துப்போகும். கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் தினமும் காலையில் திறந்துவிடு.

6. மூச்சைக் காப்பாற்றிக்கொள். கிளியர் கோட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாய் வழியாக வரும் மாஸ்க் கேள். முதலாளி முகம் சுளித்தாலும் கேள். கைத்தொழில் கைவிடாமல் இருந்தும், நெஞ்சு கைவிட்டதால் பாதியில் வீட்டில் உட்கார்ந்த நல்ல பெயின்ட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

7. சாவியோடு உண்மையையும் கொடு. நிறத்தையே மாற்றியிருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்று வேலை தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் மெழுகு பாலிஷ் வேண்டாம் என்று சொல். மெட்டாலிக் நிறத்தில் பழைய கதவுக்கும் புதுசுக்கும் வெயிலில் சிறு வித்தியாசம் தெரிந்தால், வண்டிக்காரர் கண்ணில் படும் முன் நீயே காட்டு. நீ காட்டிய குறையை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நீ மறைத்ததை மறக்க மாட்டார்கள்.