நிழலில் மலரும் அரிய செடி

மலர்ச்செடிகளுள் சில வெயிலை விரும்புவன. சில நிழலை நாடுவன. நிழலை நாடும் செடிகளுள் சிறந்தது கமேலியா. நாம் பருகும் தேநீரைத் தரும் தேயிலையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆண்டு முழுவதும் பசுமை மாறாது நிற்பது இதன் இயல்பு.

1955ஆம் ஆண்டில் ஹாங்காங் மலைக்காட்டில், அதுவரை தாவர நூலார் அறியாத கமேலியா ஒன்றை வனத்துறையினர் கண்டனர். அதன் வெண்மலர் உள்ளங்கையினும் அகன்றது; நடுவே பொன்னிற மகரந்தத் தாள்கள் செறிந்து விளங்கின. அந்நாளில் அங்கு ஆளுநராயிருந்த அலெக்சாண்டர் கிராந்தம் என்பாரின் பெயரால் அது ‘கமேலியா கிராந்தமியானா’ எனப்பட்டது.

அன்று அறியப்பட்டது அவ்வொரு மரமே. ஒரு பெரும்புயல் வீசினும், ஒரு கோடரி பாயினும் அக்குலமே அழிந்தொழியும் என்று அஞ்சும் நிலை இருந்தது. ஆதலின் அறிஞர் அதன் கன்றுகளை வளர்த்துப் பெருக்கினர். பின்னர்த் தென்சீனத்துக் குவாங்டுங் மாநிலத்திலும் இம்மரங்கள் காணப்பட்டன. எனினும் இஃது இன்றும் அரியதே. ஹாங்காங்கில் சட்டம் இதனைக் காக்கின்றது.

தோட்டத்தில் கமேலியாவை வளர்ப்போர் அறிய வேண்டுவன சில உள. நிழல் என்பது இருள் அன்று. உயர்ந்த மரங்களின் இலைகளூடே வடிந்து வரும் மெல்லொளியே இதற்கு ஏற்றது. கடுவெயில் இலையைக் கருக்கும்; காரிருளோ அரும்பு தோன்றாமல் தடுக்கும். மண் சிறிது புளிப்புத் தன்மையுடையதாய் இருத்தல் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேர்கள் இரும்புச் சத்தை ஏற்க இயலாமையால் இலைகள் மஞ்சள் நிறம் அடையும்.

இதன் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவன. எனவே கன்றை ஆழமாக நடலாகாது. அடியைக் கொத்துதலும் கூடாது. மக்கிய இலைகளை, தண்டைத் தொடாதவாறு, சுற்றிலும் பரப்பினால் ஈரம் நிலைக்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும். மண் வறண்டால் அரும்புகள் உதிரும்.

விதையிலிருந்து எழுந்த கன்று பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பொறுத்திருப்பவனே நல்ல தோட்டக்காரன். அரிய செடியைக் காட்டிலிருந்து பெயர்த்து வந்து தன் முற்றத்தில் வைத்துக்கொள்பவன் அதனைக் காப்பவன் ஆகான். தாய்மரத்தைக் காட்டில் வாழவிட்டு, அதன் விதையால் கன்றுகளைப் பெருக்கிப் பிறர்க்கும் வழங்குபவனே அதனைக் காப்பவன். ஓரிடத்து மட்டும் உள்ள பொருள் ஒரு நாளில் அழியலாம். பலவிடத்தும் பரவிய பொருள் எளிதில் அழியாது.