அல்டாப்ரா தீவும் நேரமும் வேலையும் கணக்கும்

எட்டாம் வகுப்பில் 'நேரமும் வேலையும்' நடத்தும்போதெல்லாம் சுவர் கட்டுபவர்களும் கிணறு வெட்டுபவர்களும்தான் கரும்பலகைக்கு வருவார்கள். இந்த ஆண்டு அவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தீவில் பிளாஸ்டிக் பொறுக்கியவர்களை அழைத்து வந்தேன்.

முதலில் வரைபடம். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் அல்டாப்ராவைத் தேடச் சொன்னேன். செஷல்ஸ் நாட்டின் பவளத்தீவு. தலைநகர் இருக்கும் மாஹேயிலிருந்து 1,000 கி.மீ.க்கும் அப்பால். 1982 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம். ராட்சத ஆமைகள் ஏறத்தாழ ஒரு லட்சம். மனிதர்கள் என்றால் ஆய்வு நிலையத்தில் இருக்கும் சிலர் மட்டுமே.

"அப்போ குப்பையை யார் டீச்சர் போட்டது?"

கடல் கொண்டுவந்து போட்டது. எடைக்கணக்கில் 83 விழுக்காடு வலை, கயிறு போன்ற மீன்பிடிப் பொருள்கள். மற்றவற்றில் ரப்பர் செருப்புகள் ஏராளம்.

2019இல் தன்னார்வலர்கள் 12 பேர் ஐந்து வாரம் தங்கி 25 டன் குப்பையை அகற்றினார்கள். செலவு 2,24,537 டாலர். இன்னும் 513 டன் கிடக்கிறது என்று மதிப்பிட்டார்கள். அதே 12 பேர் மீதியை எடுக்க எத்தனை வாரம்? 102.6 என்று வந்தது, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. செலவு 46 லட்சம் டாலர் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஆய்வாளர்கள் சொன்னது 46.8 லட்சம். இரண்டும் இவ்வளவு நெருங்கியதில் வகுப்புக்கே பெருமை.

ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 9 டாலர். டாலரை 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 720 ரூபாய். நம் ஊர்ப் பழைய பொருள் கடையில் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "நல்லதா இருந்தா பதினஞ்சு ரூபா" என்றான், அம்மாவோடு கடைக்குப் போய்ப் பழகிய ஒருவன். மறுசுழற்சி செய்து விற்றால் செலவு வந்துவிடும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள். மறுசுழற்சிதான் தீர்வு என்று சுற்றுச்சூழல் தினம் தவறாமல் பேசிவந்த நானும்தான்.

அந்தப் பதினைந்து ரூபாயும் வகை பிரித்த பிளாஸ்டிக்குக்குத்தான். அதைக் காட்ட ஒரு வாளித் தண்ணீர் போதும். தண்ணீர் பாட்டிலில் வெட்டிய துண்டு மூழ்கும். அதே பாட்டிலின் மூடி மிதக்கும். நைலான் வலைத் துண்டு மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். அடர்த்தி வேறு, பொருள் வேறு. சேர்த்து உருக்கினால் தரமான பொருள் கிடைக்காது. (துண்டுகளை நன்றாக நனைத்து, நீருக்குள் அமுக்கிவிட்டுப் பாருங்கள். முதல் முறை காற்றுக் குமிழி ஒட்டி பாட்டில் துண்டும் மிதந்துவிட, நான் சொன்னது பொய்யாகிப் போனது.) தீவில் கிடப்பதோ வெயிலில் நொறுங்கி, உப்பும் மணலும் ஏறி, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது.

பாடத்தை முடிக்கலாம் என்று சுண்ணக்கட்டியை வைத்தபோது பின்வரிசை மாணவி எழுந்தாள். "அந்த ரெண்டு வருஷமும் கடல் சும்மா இருக்குமா டீச்சர்? தொட்டியில ஒரு குழாய் நிரப்பும், இன்னொண்ணு காலி பண்ணுமே, அந்தக் கணக்குல்ல இது?"

நான் யோசிக்காதது. சரி, நீயே போடு என்றேன். வாரம் 5 டன் என்றால் ஆண்டுக்கு 260 டன் அகற்றலாம். புதிதாக ஆண்டுக்கு x டன் ஒதுங்கினால், ஆகும் காலம் 513 / (260 − x) ஆண்டுகள். x-க்கு ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். 100 என்றால் 3.2 ஆண்டு. 200 என்றால் எட்டரை ஆண்டுக்கும் மேல். அவள் 260 என்று எழுதிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"கீழே பூச்சியம் வருது டீச்சர். வகுக்க முடியாது."