ஆக்சஸ் ஃபாரத்தில் கட்டம் கோணலா? நாமே சரிசெய்யலாம்

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்குச் சலான்தான் உயிர். அந்தக் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் வைத்திருக்கும் சிறு கம்பெனிகளை ஆவடியிலும் பூந்தமல்லியிலும்கூடப் பார்க்கிறேன். ஃபாரம் செய்து கொடுத்தவர் எப்போதோ வேலை மாறியிருப்பார். புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் எழுத்து வெட்டுப்படும், கட்டம் நகரும். ஆள் தேடி அலைய வேண்டாம்.

1. முதல் வேலை, ஃபைலைத் தேதி போட்டு ஒரு காப்பி எடுப்பது. பிறகு ஃபாரத்தின் பெயரில் ரைட் கிளிக் செய்து டிசைன் வியூவைத் திறங்கள்.

2. ஆங்கில எழுத்துக்கு அளந்த கட்டத்தில் தமிழ் அடங்காது. மேலே வெட்டுப்பட்டால் 'கி' எது, 'கீ' எது என்று தெரியாது. எஃப்4 தட்டினால் வரும் ப்ராப்பர்ட்டி ஷீட்டில் ஹைட்டைக் கூட்டுங்கள். லதா எழுத்துரு விண்டோஸ் 10-ல் தானாக வராது. தமிழ்ச் சப்ளிமென்ட்டல் ஃபான்ட்ஸ் என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நிர்மலா யுஐக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் எழுத்து குப்பையாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய பதிவு. உடனே பழைய எழுத்துருவுக்கே திரும்புங்கள்.

3. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து. நம் ஊர்க் கம்பெனி என்றால் 33-ல் தொடங்கும். ஒரு லேத் பட்டறையில் அந்தக் கட்டம் குறுகலாக இருந்து, பதினாலாவது எழுத்தோடு பார்வை நின்றுவிட்டது. கடைசி எழுத்துதான் முழு எண்ணையும் சரிபார்க்க உதவுவது. டைப் செய்யும் அக்கா ஒவ்வொரு சலானுக்கும் கட்டத்துக்குள் அம்புக்குறியைத் தட்டித் தட்டி, அந்த ஒற்றை எழுத்தைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டத்தை அரை அங்குலம் இழுத்துவிட்டேன். அந்த வேலையே இல்லாமல் போயிற்று. அகலம் போதுமா என்று அறிய, ஆங்கில டபிள்யூவைப் பதினைந்து தடவை அடித்துப் பாருங்கள். அது அடங்கினால் எதுவும் அடங்கும்.

4. தொகைக்குப் பதில் வரிசையாக ஹேஷ் குறி தெரிந்தால் பயம் வேண்டாம். கணக்கு கெடவில்லை, கட்டம்தான் போதவில்லை.

5. கட்டங்களைக் கண்ணளவில் நேராக்காதீர்கள். ஷிஃப்ட்டை அழுத்தியபடி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அரேஞ்ச் பகுதியில் அலைன் லெஃப்ட் கொடுங்கள். லேபிள் மட்டும் நகர வேண்டுமானால், அதன் இடது மேல்மூலையில் இருக்கும் பெரிய சதுரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும்.

6. பிரிண்ட் எடுத்தால் ஒன்று விட்டு ஒன்று வெற்றுத் தாளா? ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். இருபுறமும் அரை அங்குலம் ஓரம் விட்டால், ரிப்போர்ட் 7.27-க்குள் இருக்க வேண்டும். வலது விளிம்பை உள்ளே தள்ளினாலும் நகரவில்லையென்றால், ஏதோ ஒரு கோடோ காலி லேபிளோ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நீக்குங்கள்.

7. ஃபாரம் முழுக்க வெறுமையாகத் திறந்தால், அலவ் அடிஷன்ஸ் நோ என்றிருக்கிறதா பாருங்கள். பதிவும் இல்லை, புதிதாகச் சேர்க்க அனுமதியும் இல்லை என்றால் கட்டங்களே தெரியாது.

8. நான் அதிக நேரம் செலவிடுவது டேப் ஆர்டரில்தான். காகிதச் சலானில் தேதி, பார்ட்டி பெயர், பொருள், எண்ணிக்கை என்று போகும். ஃபாரத்தில் கர்சர் தேதியிலிருந்து எண்ணிக்கைக்குத் தாவி, பிறகு மேலே பெயருக்கு ஏறும். பின்னால் ஒரு கட்டத்தைச் சேர்த்தால் அது வரிசையில் கடைசியாகப் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். டேப் ஆர்டர் பெட்டியைத் திறந்து, சலானைப் பக்கத்தில் வைத்து, அதே வரிசைக்கு இழுத்துவிடுங்கள். தானாக நிரம்பும் கட்டங்களுக்கு டேப் ஸ்டாப்பை நோ ஆக்குங்கள். முடித்ததும் டைப் செய்பவரை உட்காரவைத்து, பத்துச் சலான் போடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் கை மவுஸைத் தேடுகிறதோ, அங்கே இன்னும் வேலை பாக்கி.