இறங்குதற்கு இன்னோரிடம்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிக் கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியை அடைவதற்கு முன்னர்ப் புதுவாயல் என்னும் ஊர் உளது. அவ்வூரில் நெடுஞ்சாலையினின்றும் ஒரு வழி மேற்கே பிரிந்து பெரியபாளையம் செல்கின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து சரக்கேற்றி வரும் லாரியோட்டி, தெற்கே சாலையில் வெள்ளம் நிற்பதாகக் கேள்வியுற்றால், புதுவாயலில் வண்டியைத் திருப்பிப் பெரியபாளையத்து வழியே செல்ல எண்ணுவான். அவன் அறிவுடையவனாயின், திரும்புமுன் மற்றொன்றையும் வினவுவான். பெரியபாளையத்தருகே ஆரணியாறு பெருகியிருப்பின், அவ்வழியும் அவனுக்குப் பயன்படாதன்றோ? இரு வழியும் அடைபட்டனவெனில், அவன் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு மழை ஓயுமளவும் காத்திருப்பான்.

விண்ணிற் செல்லும் விமானத்திற்கோ சாலையோரம் என்பது இல்லை. அது சிறிது நேரம் வட்டமிட்டுக் காத்திருக்கலாம். எனினும் அவ்வாறு காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எரிபொருள் குறைந்துகொண்டே வரும். ஆதலின், சென்று சேரவேண்டிய ஊரில் இறங்க இயலாதுபோயின் எங்கே இறங்குவது என்னும் வினாவிற்கு, விமானம் தரையைவிட்டு எழுவதற்கு முன்னரே விடை காணவேண்டும். இவ்வாறு முன்கூட்டியே தெரிந்தெடுக்கப்பெறும் இரண்டாவது விமான நிலையத்தை மாற்று நிலையம் என்பர். பறப்புத் திட்டம் வகுக்கும் அலுவலரும் விமானியும் வானிலைக் குறிப்புக்களை ஆராய்ந்து, அதன் பெயரைத் திட்டத்தில் எழுதிய பின்னரே பயணம் தொடங்கும்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தனர். அவை அரசர்க்குக் கூறப்பட்டவை. ஆயினும், மாற்று நிலையத்தைத் தெரிந்தெடுக்கும் கலை முழுவதும் இம்மூன்றனுள் அடங்கிவிடுகின்றது. அவற்றுள் காலத்தை முதற்கண் காண்போம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதற்கும் முன்னரே, 1792ஆம் ஆண்டில், சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் ஒன்று அமைந்தது. இன்று சென்னை போன்ற பெரிய விமான நிலையங்களில் காற்றின் திசையும் விரைவும், பார்வைத் தொலைவும், மேகத்தின் உயரமும், வெப்பமும், காற்றழுத்தமும் அரைமணிக்கு ஒருமுறை அளந்து அறிவிக்கப்பெறுகின்றன. இவை இப்பொழுதுள்ள நிலையைக் கூறுவன. இனி வரவிருக்கும் நிலையைக் கூறும் முன்னறிவிப்பு ஆறு மணிக்கு ஒருமுறை வெளியாகும். அது முப்பது மணி நேரம் வரையிலும் முன்னோக்கிச் சொல்லவல்லது.

திட்டம் வகுப்போர் இவ்விரண்டனுள் எதனை நோக்குதல் வேண்டும்? தில்லியிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படும் விமானம் சென்னைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குச் சென்னையில் வானம் தெளிந்திருந்தது என்பதனால் ஒன்பது மணிக்கும் அது தெளிந்திருக்கும் என்று கொள்ளலாகாது. விமானம் சேரும் நேரத்திற்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும் வானிலை எவ்வாறு இருக்கும் என்பதே வினா. மாற்று நிலையத்தைப் பற்றியும் அவ்வாறே ஆராயவேண்டும். தை பிறக்கும் வேளையில் பெங்களூர் விமான நிலையத்தை வைகறைப் பனிமூட்டம் சூழ்வதுண்டு. கதிரவன் ஏறியபின் அது கலைந்துவிடும். ஆகவே ஒரே ஊர், விடியலில் புகலிடமாகாமலும் நண்பகலில் நல்ல புகலிடமாகவும் இருத்தல் கூடும்.

மேலும், விமானம் இறங்குவதற்கென வரையறைகள் உள. கருவியின் துணைகொண்டு இறங்கும் பொதுவான முறையில், ஓடுபாதையின்மீது குறைந்தது 550 மீட்டர் பார்வைத் தொலைவு இருத்தல் வேண்டும். தரைக்குமேல் 60 மீட்டர் உயரத்திற்கு வந்த பின்னும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குப் புலனாகாவிடின், விமானி உடனே மேலெழுந்துவிட வேண்டும். மாற்று நிலையத்தைத் தெரிந்தெடுக்கும்பொழுது இதனினும் கடுமையான அளவுகளையே கொள்வர். ஏன்? முதலிடத்தில் இறங்க இயலாமல் வருவோர்க்கு இரண்டாமிடம் ஐயத்திற்கிடமானதாய் இருத்தலாகாது. நனைந்து வருபவன் ஒதுங்கும் கூரை ஒழுகினால் அது கூரையாகுமா?

இனி இடனறிதலைக் காண்போம். அண்மையிலுள்ள நிலையமே சிறந்த மாற்று நிலையம் என்று எண்ணத் தோன்றும். அண்மை எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பது மெய்யே. ஆனால், ஒரே வானத்தின்கீழ் இருக்கும் இரண்டு ஊர்களை ஒரே மேகம் மூடிவிடும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் வந்தபொழுது சென்னை விமான நிலையம் நண்பகல் முதல் மறுநாள் விடியற்காலை வரை மூடப்பட்டது. மூடப்படுமுன், மும்பையிலிருந்து வந்த விமானம் ஒன்று ஓடுபாதையை நெருங்கியும், குறுக்குக் காற்றினால் அலைப்புண்டு, இறங்காமலே மீண்டும் மேலெழுந்து சென்றது. அப்புயல் அன்றிரவு கரையைக் கடந்த இடம் புதுச்சேரிக்கு அருகிலாகும். புதுச்சேரியிலும் விமான நிலையம் உண்டு. சென்னைக்கு அஃது அண்மையிலேயே உளது. அன்று சென்னையை விட்டு அங்கே செல்ல எண்ணுவது, மழைக்கு அஞ்சி அருவியின்கீழ் நிற்பதை ஒக்கும். அதன் ஓடுபாதையும் பெரிய விமானங்களுக்குப் போதிய நீளமுடையதன்று.

எனவே திட்டம் வகுப்போர் நில நூலையும் பருவ நூலையும் ஒருங்கே கற்றிருத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கடற்கரையில் மிகுதியாகப் பெய்யும். அக்காலத்தில் சென்னைக்கு வரும் விமானத்திற்கு மேட்டு நிலத்திலுள்ள பெங்களூரோ ஐதராபாத்தோ புகலளித்தல் கூடும். தென்மேற்குப் பருவத்திலோ கொச்சி மழையில் மூழ்கிக் கிடக்கும். அப்பொழுது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பால், மழைமறைவிலுள்ள கோயம்புத்தூர் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இடையே நிற்கும் மலை இரண்டு ஊர்களின் வானத்தையும் வேறாக்கிவிடுகின்றது.

வானிலை மட்டும் நன்றாயிருந்தால் போதுமா? ஓடுபாதை விமானத்தின் எடையைத் தாங்கவேண்டும், நீளமும் பொருந்தவேண்டும், தீயணைக்கும் படையும் எரிபொருளும் இருத்தல் வேண்டும், வந்த விமானங்கள் நிற்பதற்கு இடமும் வேண்டும். சென்னையில் இறங்க இயலாத பத்து விமானங்கள் ஒரே நேரத்தில் ஒரு சிறு நிலையத்தை நாடினால், அங்கே நிறுத்தவும் இடமிராது.

மூன்றாவது வலியறிதல். விமானத்தின் வலி அதன் எரிபொருளில் உளது. சேரவேண்டிய ஊர் வரையிலும் பறப்பதற்கு ஒரு பங்கு. எதிர்க்காற்று முதலியவற்றால் நேரும் மிகைச் செலவிற்கு ஒரு பங்கு. அங்கே இறங்க முயன்று இயலாமல், மீண்டும் மேலெழுந்து, மாற்று நிலையம் சென்று சேர்வதற்கு ஒரு பங்கு. இவற்றின்மேல் இறுதிச் சேமிப்பாக, ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் முப்பது நிமிடம் பறப்பதற்குரிய ஒரு பங்கு. இவ்விறுதிப் பங்கைத் தொடாமல் தரையிறங்குவதே முறை. அங்ஙனமாயின் கலம் நிரம்ப எரிபொருளை ஊற்றிக்கொண்டு செல்லலாகாதோ என்று நீங்கள் வினவலாம். எரிபொருளும் சுமையே. அச்சுமையைத் தூக்கிச் செல்லவும் எரிபொருள் செலவாகும். மேலும், ஒவ்வொரு விமானமும் இறங்கும்பொழுது இவ்வளவு எடைக்கு மேற்படலாகாது என்ற வரம்பும் உண்டு. ஆதலால் குறைவும் கூடாது; அளவிறந்த மிகுதியும் கூடாது.

இம்மூன்றும் ஒருங்கே சோதிக்கப்பெற்ற நிகழ்ச்சி ஒன்று 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்தது. தோகா நகரிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் ஒரு விமானம் விடியற்காலையில் கொச்சிக்கு வந்தது. பார்வைத் தொலைவு குறைந்திருந்தமையால் மூன்று முறை முயன்றும் இறங்க இயலவில்லை. ஒவ்வொரு முயற்சியும் எரிபொருளைத் தின்றது. பின்னர் அவ்விமானம் திருவனந்தபுரம் நோக்கிச் சென்றது. திருவனந்தபுரமும் அதே கடற்கரையில், அதே வானத்தின்கீழ் உள்ள ஊர். அங்கும் ஓடுபாதை தெளிவாகத் தென்படவில்லை. மீண்டும் மீண்டும் முயன்ற பின்னரே விமானம் தரையைத் தொட்டது. அந்நிலையில் இறுதிச் சேமிப்பிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டிருந்தது. யார்க்கும் ஊறு நேரவில்லை. எனினும், இன்னும் சில நிமிடம் தாழ்த்திருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மாற்று நிலையத்தின் பெயரை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அதன் வானிலையை அறிந்திருத்தல் வேண்டும். அங்கே செல்லுதற்குரிய எரிபொருள் கையிலிருக்கும்பொழுதே திரும்புதலும் வேண்டும்.

வானிலை, சில மணி நேரம் மட்டுமன்றிப் பல நாட்களும் ஒரு நிலையத்தை மூடிவிடக்கூடும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெய்த பெருமழையால் அடையாறு கரைபுரண்டது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையில் ஒரு பகுதி அவ்வாற்றின்மேல் பாலமாகவே அமைந்துளது. வெள்ளம் நிலையத்தினுட் புகுந்தமையால் அது சில நாட்கள் மூடப்பட்டுக் கிடந்தது. அப்பொழுது அரக்கோணத்திலுள்ள இராஜாளி என்னும் கடற்படை விமானத்தளம் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. கடலினின்றும் உள்ளே தள்ளி, நீண்ட ஓடுபாதையுடன் அமைந்த அத்தளத்திலிருந்து மக்கள் விமானமேறிச் சென்றனர். படைக்கென அமைந்த இடம் இடுக்கண் வந்த வேளையில் குடிமக்களுக்குப் புகலிடமாயிற்று.

மாணவர்களே! இவையெல்லாம் விமானிக்கும் அலுவலர்க்கும் உரியன. நமக்கு இதில் யாது பங்கு என்று எண்ணாதீர். 2018ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், போகித் திருநாளின் விடியற்காலையில், சென்னை மக்கள் எரித்த பழம்பொருள்களின் புகை பனியுடன் கலந்து விமான நிலையத்தை மூடிற்று. பல விமானங்கள் இறங்க இயலாமல் வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. அன்று வானத்தை மறைத்தது புயலன்று. நம் வீட்டு வாயிலில் எரிந்த நெருப்பே. தேய்ந்த டயரையும் பிளாஸ்டிக்கையும் எரியாமல் விடுதல், விண்ணில் வட்டமிடும் விமானத்திலுள்ள குழந்தைக்கும் முதியோர்க்கும் நாம் செய்யும் உதவியாகும்.

சேரவேண்டிய ஊரை விட்டு வேறோர் ஊரில் இறங்கும் விமானத்திலுள்ள பயணிகள் சிலர் சினங்கொள்வர். திருமணத்திற்கோ தேர்விற்கோ செல்வோரின் மனத்துயர் நாம் உணரக்கூடியதே. ஆயினும், திரும்பிச் சென்ற விமானி தோற்றவன் அல்லன். எண்ணிய இடத்தை அடைந்தே தீர்வேன் என்னும் பிடிவாதம் வீரம் போலத் தோன்றும். தன் வலியையும் காலத்தையும் இடத்தையும் அறிந்து, உரிய வேளையில் திரும்புவதே உண்மையான துணிவு. அத்துணிவு வான்வெளியில் திடீரெனப் பிறப்பதன்று. புறப்படுமுன் தரையில் அமர்ந்து, இறங்குதற்கு இன்னோரிடம் எது என ஆராய்ந்து எழுதிய அந்த ஒரு வரியிலேயே அது பிறந்துவிடுகின்றது.