ஜெர்மனியில் முதல் மாதம்: மாணவர்களுக்குப் பத்துக் குறிப்புகள்

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள்! அங்கே பாடப்புத்தகத்துக்கு முன்பே பழக வேண்டியவை வீட்டு நடைமுறைகளும் ஊர் வழக்கங்களும்தான். புறப்படும் முன் இவற்றைப் படித்து வைத்துக்கொண்டால் முதல் மாதம் திணறாமல் கழியும்.

1. இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாதவை. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் எடுத்துச் செல்லுங்கள்.

2. குக்கர் வாங்கும்போது அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும். நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் அவசியம்.

3. படுக்கையறைகளில் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துவது சட்டப்படி கட்டாயம். அறைக்குள்ளேயே அடுப்பு இருந்தால், மிளகாய் தாளிக்கும் புகைக்கே அது அலறிவிடும். ஜன்னலைத் திறந்த பிறகு தாளியுங்கள்.

4. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். வீட்டு உரிமையாளரிடம் அதற்கான கடிதத்தை மறக்காமல் வாங்குங்கள்.

5. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரும்பாலும் தனிக் கதவு எண் கிடையாது. பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் முக்கியமான கடிதங்கள்கூடத் திரும்பிப் போய்விடும்.

6. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பால், காய்கறியை சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு முழுவதும், மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரையும் அமைதி காக்க வேண்டும். மிக்ஸியில் அரைக்கும் வேலையையும் சனிக்கிழமையே முடித்துவிடுவது நல்லது.

7. குப்பையைப் பிரித்துப் போடுங்கள். காகிதம், உணவுக் கழிவு, பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி உண்டு. தண்ணீர், குளிர்பான பாட்டில்களை எறியாதீர்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும்.

8. குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைத்தால் சமையல் ஆவியிலும் ஈரத்துணியிலும் சுவர் பூஞ்சணம் பிடிக்கும். செலவு உங்கள் தலையில் விழலாம். தினமும் இரண்டு முறை ஹீட்டரை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து வையுங்கள்.

9. அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், ‘எஸ்.டி.’ என்றால் சரியாக 10 மணிக்கு. விரிவுரை முடிந்ததும் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அங்கே பாராட்டு. பேராசிரியர் “இது தவறு” என்று நேராகச் சொன்னால் மனம் ஒடிய வேண்டாம். அது வேலையைப் பற்றிய கருத்து, உங்களைப் பற்றியதல்ல.

10. நாம் ‘சரி’ என்று பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்கு ‘இல்லை’ என்பதுபோலத் தெரியும். வாயால் பதில் சொல்லிப் பழகுங்கள். பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அதை அபசகுனமாக நினைப்பார்கள். யார் வீட்டுக்கும் சொல்லாமல் போக வேண்டாம்.

டிசம்பரில் மாலை நாலரை மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். அப்போது மனம் சோர்வது இயல்பு. மாணவர் நலச் சேவை அமைப்புகளில் மனநல ஆலோசனை உண்டு, தயங்காமல் போங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 112, காவல்துறைக்கு 110 என்ற எண்களை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: முதல் மாதத்தில் “பார்ட் டைம் வேலை கிடைத்ததா?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டாயா? நன்றாகத் தூங்கினாயா?” என்று கேளுங்கள். பிள்ளைக்கு அந்த நாட்களில் வேண்டியது அதுதான்.