பழைய மகிழுந்தின் மின்விசிறி: பழுதைத் தேடும் முறை

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள ஊர் சுங்கை சிப்புட். சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, நகரையொட்டிய குடியிருப்புகளில் வாழ்கின்றன. தோட்டத்தில் வேலையிடம் நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. இன்று பலருக்கு வேலை ஈப்போவிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அதனால் மகிழுந்து இன்றியமையாததாகிவிட்டது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1994இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய வாகனங்களை இன்றும் சாலையில் காணலாம். அத்தகைய மகிழுந்து வழியில் நின்றுவிட்டால் ஒரு நாள் வருமானமும் நின்றுவிடும். பழைய வாகனங்களை வழியில் நிறுத்திவிடும் பழுதுகளுள் ஒன்று, ரேடியேட்டரின் மின்விசிறி சுழலாமல் போவது.

மின்விசிறியின் பணி

இயந்திரத்தில் எரிபொருள் எரியும்போது மிகுந்த வெப்பம் உண்டாகிறது. இயந்திரத்தைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர் அவ்வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு வருகிறது. மகிழுந்து வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நெரிசலில் நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. அப்போது காற்றை இழுத்துத் தருவதே மின்விசிறியின் வேலை.

முற்காலத்து மகிழுந்துகள் பலவற்றில் விசிறியை இயந்திரமே வார்ப்பட்டை மூலம் சுழற்றியது. புரோட்டோன் சாகா போன்ற முன்சக்கர இயக்க வாகனங்களில் இயந்திரம் குறுக்குவாட்டில் அமைந்திருக்கிறது. அதன் சுழல்தண்டு பக்கவாட்டை நோக்கியிருக்க, ரேடியேட்டரோ முன்பக்கம் இருக்கிறது. ஆகவே, விசிறிக்குத் தனி மின்மோட்டார் தேவைப்பட்டது.

மின்னோட்டம் செல்லும் வழி

மின்கலனிலிருந்து புறப்படும் மின்னோட்டம் முதலில் உருகியைக் கடக்கிறது. அடுத்து ரிலேவுக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும் செல்கிறது. பிறகு எர்த் கம்பி வழியாக வாகனத்தின் உடல்தகட்டை அடைந்து, மின்கலனின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. ரேடியேட்டரில் பொருத்தப்பட்ட வெப்ப விசை, நீரின் சூடு குறித்த அளவை எட்டியதும் ரிலேவை இயக்குகிறது. சில வாகனங்களில் ரிலே இல்லாமல், வெப்ப விசையே மோட்டாரை நேரடியாக இயக்கும். எந்த அமைப்பாயினும், இந்த வழியில் ஓரிடம் அறுந்தாலும் விசிறி நின்றுவிடும்.

வரிசையாகத் தேடுதல்

மகிழுந்து சுங்கை சிப்புட் நகரின் சமிக்ஞை விளக்குகளில் நிற்கும்போது வெப்பமானியின் முள் ஏறுகிறது. ஈப்போ சாலையில் வேகமெடுத்ததும் இறங்குகிறது. இதுவே விசிறியைச் சந்தேகிக்க முதல் காரணம். வேகமாக ஓடும்போதும் முள் ஏறினால் நீர்க்கசிவு, நீரேற்றி, வெப்பநிலை அடைப்பான் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும்.

சோதனைக்கு முன் இயந்திரம் நன்கு ஆற வேண்டும். சூடான ரேடியேட்டரில் நீர் அழுத்தத்தில் இருப்பதால், அது 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் குறைந்து, கொதிநீரும் நீராவியும் முகத்தில் பீறிடும். சாவியை எடுத்த பிறகும் சில வாகனங்களில் விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் விரல்களையும் தொங்கும் ஆடையையும் விலக்கி வைக்க வேண்டும்.

முதலில் குளிர்விப்பு நீரின் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்து உருகியைச் சோதிக்க வேண்டும். உருகியை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. அதன் இரு முனைகளிலும் சோதனை விளக்கு எரிகிறதா என்று காண வேண்டும். மூன்றாவதாக, மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, உருகி பொருத்திய கம்பி வழியாக மின்கலனிலிருந்து நேரடியாக மின்சாரம் தர வேண்டும். விசிறி சுழன்றால் மோட்டார் நலமாக இருக்கிறது. பழுது வேறிடத்தில் உள்ளது. அதன்பின் ரிலேவையும் வெப்ப விசையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். பல வாகனங்களில் வெப்ப விசையின் இரு கம்பிகளையும் ஒன்றாக இணைத்தால் விசிறி சுழலும். சில ஜப்பானிய வாகனங்களிலோ கம்பியைக் கழற்றினால்தான் சுழலும். எனவே, வாகனத்தின் கையேட்டைப் பார்த்த பிறகே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

ஏமாற்றும் 12 வோல்ட்

மோட்டாருக்கு வரும் கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் காட்டுகிறது. கம்பியை மீண்டும் பொருத்தினால் விசிறி மெதுவாகவே சுழல்கிறது. சில நேரம் சுழல்வதே இல்லை. "மின்சாரம் வருகிறது, ஆகவே மோட்டார்தான் கெட்டது" என்று முடிவு செய்து பலர் புது மோட்டார் வாங்கிவிடுகிறார்கள். பணம் செலவானாலும் பழுது அப்படியே இருக்கிறது.

இதன் காரணத்தை, ஜெர்மன் அறிவியலாளர் ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியைக் கொண்டு விளக்கலாம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும் என்பதே அவ்விதி. நல்ல நிலையில் மோட்டார் 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். கணக்கின் எளிமைக்காக அதனை 1.5 ஓம் தடையாகக் கருதலாம். மழையும் ஈரக்காற்றும் பட்டு, செம்புக் கம்பியின் இணைப்பில் பச்சை நிறக் களிம்பு படிந்துவிட்டது, அங்கே 0.5 ஓம் தடை சேர்ந்துவிட்டது. மொத்தத் தடை 2 ஓம். மின்னோட்டம் 6 ஆம்பியராகக் குறைகிறது. இணைப்பிலேயே 3 வோல்ட் வீணாகி, மோட்டாருக்கு 9 வோல்ட் மட்டுமே கிடைக்கிறது. வீணான மின்னாற்றல் 18 வாட் வெப்பமாக மாறி, இணைப்பின் பிளாஸ்டிக்கை உருக்கவும் கூடும்.

மல்டிமீட்டர் எடுக்கும் மின்னோட்டமோ மிகமிகச் சிறிது. மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாதபோது, களிம்பு படிந்த இணைப்பில் மின்னழுத்தமும் குறைவதில்லை. அதனால்தான் கழற்றிய கம்பியில் முழு 12 வோல்ட்டும் தெரிகிறது. ஆகவே, விசிறியை இணைத்து, அது இயங்க வேண்டிய நிலையில் வைத்தே அளக்க வேண்டும். மோட்டாரின் எதிர்முனைக்கும் மின்கலனின் எதிர்முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் குறை இருக்கிறது. நேர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே அளந்து, எந்த இணைப்பில் மின்னழுத்தம் இழக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம்.

சரியான சீரமைப்பு

களிம்பு படிந்த பகுதியை வெட்டி நீக்கி, அதே தடிமனுள்ள புதுக் கம்பியையும் புது முனையையும் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். எர்த் கம்பி உடல்தகட்டில் சேரும் இடத்தில் துருவையும் சாயத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, புது மோட்டாரின் விலையில் சிறு பங்கே.

ஆனால், அவசரத்தில் சிலர் குறுக்குவழியை நாடுகின்றனர். அடிக்கடி எரிந்துபோகும் 15 ஆம்பியர் உருகிக்குப் பதிலாக 30 ஆம்பியர் உருகியைப் போடுகின்றனர். அதன்பின் மிகையான மின்னோட்டம் பாய்ந்தால் உருகி காப்பாற்றாது. கம்பியே சூடேறித் தீப்பிடிக்கலாம். இன்னும் சிலர் விசிறி நின்றதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓட்டுகின்றனர். அளவுக்கு மீறிய வெப்பத்தில் இயந்திரத்தின் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். ஒரு சிறு கம்பியில் தொடங்கிய பழுது இயந்திரத்தையே பிரித்துப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

பழைய மகிழுந்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்குப் பொருளை மாற்றிப் பார்க்கும் வசதி இல்லை. எதை மாற்ற வேண்டும் என்பதை அறிந்த பின்னரே மாற்ற முடியும். பட்டறையில் திறமையான பணியாளர் முதலில் எடுப்பது திருப்புளியை அன்று. சோதனை விளக்கையும் மல்டிமீட்டரையுமே. அறிவியல் வகுப்பில் படித்த ஓம் விதி அங்கே ஒரு குடும்பத்தின் மாதச் செலவைக் காப்பாற்றுகிறது.

அருஞ்சொற்பொருள்

உருகி – மிகை மின்னோட்டத்தில் உருகி, மின்சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம்
ரிலே – சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தை இயக்கும் விசை
களிம்பு – செம்பின்மேல் படியும் பச்சை நிறப் படிவு

கேள்விகளுக்கு விடை காண்க

1. மகிழுந்து வேகமாக ஓடும்போது விசிறி தேவைப்படாததன் காரணம் யாது?
2. கழற்றிய கம்பியில் 12 வோல்ட் காட்டுவதை நம்பி முடிவு செய்வது ஏன் தவறாகிறது?
3. இணைப்பில் 0.5 ஓமுக்குப் பதிலாக 1.5 ஓம் தடை சேர்ந்தால் மோட்டாருக்கு எத்தனை வோல்ட் கிடைக்கும்? கணக்கிடுக.
4. 'பழுதைத் தேடுவதில் வரிசைமுறை முக்கியம்.' இக்கூற்றை வேறொரு துறையின் எடுத்துக்காட்டுடன் விளக்கி எழுதுக.